குடும்பத்தோடு சைக்கிள் பயணம் சரிப்பட்டு வருமா? கல்லணை முதல் பூம்புகார் வரை

2025 பிப்ரவரி 2 (ஒரு வாசகரின் கேள்வி)

நண்பர்களோடு சேர்ந்து ஒரே நாளில் 120 கி.மீ. வரை மிதிக்கிறவன் நான். போன மாதம் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பதினெட்டாவது கிலோமீட்டரில் சின்னவன் அழ, பெரியவள் முறைக்க, மனைவி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். என் முடிவு இதுதான்: சைக்கிள் பயணமும் குடும்பமும் ஒத்துவராது. மறுக்கிறவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

பிப்ரவரி 2, இரவு

மறுக்கிறேன். 2023 ஜனவரி 26 முதல் 29 வரை நானும் மனைவியும் மகளும் (அப்போது 11 வயது) மகனும் (6 வயது) திருச்சியிலிருந்து பூம்புகார் வரை சைக்கிளில் போனோம். வியாழன் குடியரசு தினம், வெள்ளி ஒரு நாள் லீவு, அப்புறம் சனி, ஞாயிறு. நான்கு பகல், காவிரிக்கரையோடு கடல் வரைக்கும். வழி தேடி அலைய வேண்டியதில்லை. கல்லணையில் தொடங்கும் மாநில நெடுஞ்சாலை 22 காவிரிப்பூம்பட்டினத்தில்தான் போய் முடிகிறது. மேடு பள்ளம் கிடையாது, வண்டிகள் குறைவு, டீக்குப் பஞ்சமில்லை, ஊருக்கு ஊர் பஞ்சர் கடை உண்டு.

உங்கள் 18 கி.மீ.யில் யார் முன்னால் போனது? அதை மட்டும் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3

பதிலைப் படித்தேன். நீங்கள் முன்னால் போய் 200 மீட்டரில் நின்று திரும்பிப் பார்ப்பீர்கள், அவர்கள் பக்கத்தில் வந்ததும் மறுபடி கிளம்பிவிடுவீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நின்ற ஒவ்வொரு முறையும் இளைப்பாறியது நீங்கள். பிள்ளைகளுக்கு வந்து சேரவும் உடனே கிளம்பவும்தான் நேரம் இருந்தது. கால் வலு யாருக்குக் குறைவோ அவருக்கு நாள் முழுக்க ஓய்வே கிடையாது.

முதல் நாள் நான் செய்ததும் இதே தப்புதான். திருச்சியிலிருந்து திருவையாறு ஏறக்குறைய 50 கி.மீ. எனக்கு அது மூன்று மணி நேர வேலை, குடும்பத்துக்கு ஆறு மணி நேரம் போதும் என்று வைத்துக்கொண்டேன். பனி விலகாத காலையில் திருவானைக்காவல், உத்தமர்சீலி வழியாகப் போகிற சாலை அருமையாக இருந்தது. ஒன்பதரைக்குக் கல்லணை. ஆற்றில் தண்ணீர் இருந்தது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று ஒரே இடத்தில் நான்காகப் பிரிகிற தண்ணீரை மகள் அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறாள். கரிகாலன் கட்டிய அணை எது, பின்னால் சேர்த்த மதகு எது என்று கேட்டாள். மதகுகளை எண்ண ஆரம்பித்தாள். "போதும், வெயில் ஏறுது, கிளம்பு" என்றேன். 329 மீட்டர் நீள அணைக்கு 20 நிமிடம் கொடுத்தேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

ஒரு மணிக்குத் திருக்காட்டுப்பள்ளி. டீக்கடை வாசலில் அவள் சைக்கிளை ஸ்டாண்டு கூடப் போடாமல் சாய்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. "ஆறு எந்தப் பக்கம் வந்துச்சுன்னே தெரியலப்பா. உங்க பின் டயரையேதான் பாத்துட்டு வந்தேன்" என்றாள்.

எனக்குப் பதில் இல்லை. மனைவி என்னைத் திட்டவில்லை. "நாளைக்கு அவ முன்னால போகட்டும்" என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி 4

கேட்டிருந்தீர்கள்: அன்றைக்கு மீதி வழியை மிதிக்கவில்லை. வாழைத்தார் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த குட்டி யானை ஒன்று கிடைத்தது. மூன்று சைக்கிளையும் நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு திருப்பூந்துருத்தி, கண்டியூர் வழியாகத் திருவையாற்றில் இறக்கிவிட்டார். வாழை நாரும் சருகும் ஒட்டிய துணியோடு போய் அசோகா சாப்பிட்டோம். பாசிப்பருப்பும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த அந்த இளஞ்சூடான இனிப்பு வயிற்றுக்குள் போனதும் மகள் மறுபடி பேச ஆரம்பித்தாள். இடையில் வண்டி ஏறுவதை யாரும் தோல்வியாக நினைக்க வேண்டாம். அன்றைக்கு ஏறியிருக்காவிட்டால் மறுநாள் என்பதே இருந்திருக்காது.

பிப்ரவரி 7

இரண்டாம் நாள். திருவையாற்றிலிருந்து கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம். மகள் முதலில், அடுத்து மனைவி, கடைசியில் நான், என் கேரியர் சீட்டில் மகன்.

வேகம் மணிக்குப் பத்துப் பதினொன்றுதான். நிறுத்தங்களை எண்ணினேன், பதினேழு. முதல் இரண்டு மூன்று முறை கை தானாகக் கடிகாரம் பார்த்தது. அப்புறம் விட்டுவிட்டேன். அவள் எதற்காக நிற்கிறாள் என்று பார்ப்பதே ஒரு வேலையாகிவிட்டது. அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் கிடை போட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான வாத்துகள் ஒரே சமயத்தில் தலையைத் திருப்புகிற காட்சி காரில் போனால் கண்ணில் படவே படாது. ஒரு மதகில் சிறுவர்கள் தலைகீழாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள், அங்கே அரை மணி நேரம். வெற்றிலைக் கொடிக்கால் ஒன்று. கொடிக்காலுக்குள் செருப்போடு போகக் கூடாது என்று அங்கிருந்த பெரியவர் சொல்ல, நால்வரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். வெளியே வெயில், உள்ளே தண்ணீர்ப் பானைக்குள் இறங்கியது மாதிரி குளிர்ச்சி.

சுவாமிமலையில் தெருவோரப் பட்டறை ஒன்றில் மெழுகில் சிலை பிடித்துக்கொண்டிருந்தார்கள். காவிரி வண்டல் மண்ணை மெழுகின் மேல் பூசி, காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மகன் அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு "இது நம்ம டயர்ல இருக்குற மண்ணுதான்" என்றான். சரியாகத்தான் சொன்னான். எங்கள் மட்கார்டு முழுக்க அதே மண்தான். கோயிலில் தமிழ் வருடங்கள் அறுபதுக்கும் அறுபது படி. மகள் தான் பிறந்த வருடத்தின் படி எது என்று தேடி நின்றாள்.

பின்னால் போகிறவருக்குக் கிடைப்பது இது. நான்கு நாளில் என் மகளின் முதுகைப் பார்த்தே அவள் களைத்திருக்கிறாளா, பாடுகிறாளா, ஏதோ யோசிக்கிறாளா என்று சொல்லப் பழகிவிட்டேன். பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அது தெரிந்திருக்கவில்லை.

பிப்ரவரி 8

ஒன்று விட்டுப்போனது, இது முக்கியம். தை மாதத்தில் போனால் சாலையில் நெல் காயும். பாதி ரோடு நெல், மீதி ரோட்டில்தான் எல்லா வண்டியும். நெல்மேல் ஏறினால் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள், நேராகப் போய் இறங்குங்கள். மணல்மேல் போவதைவிட வழுக்கும். முடிந்தவரை ஏறாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மரியாதை, அது ஒருவருடைய வருட உழைப்பு.

வைக்கோல் இன்னொரு தொல்லை. கபிஸ்தலம் தாண்டி மகளின் சைக்கிள் கறகறவென்று சத்தம் போட்டு நின்றது. குனிந்து பார்த்தால் பின் கியரின் குட்டிப் பல்சக்கரத்தில் வைக்கோல் பம்பரக் கயிறு மாதிரி இறுக்கமாகச் சுற்றியிருக்கிறது. கத்தரிக்கோல் நுழையாது. பெடலைப் பின்பக்கமாக மெல்லச் சுற்றச் சுற்ற, மனைவி கொண்டை ஊசியால் ஒவ்வொரு இழையாக உருவினார். இருபது நிமிடம். கியர் சைக்கிளில் போகிறவர்கள் கொண்டை ஊசி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 12

சாமான் பற்றியும் டயர் பற்றியும் மூன்று பேர் கேட்டதால் சேர்த்து எழுதுகிறேன்.

பை: ஆட்டோ சீட் தைக்கிறவரிடம் தார்ப்பாய்த் துணி கொடுத்து, கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி இரட்டைப் பை தைத்து வாங்கினோம். ஆளுக்கு இரண்டு செட் உடை, தினமும் இரவு துவைத்துப் போட்டோம். முதுகில் பை மாட்டாதீர்கள், குழந்தைகள் முதுகில் மாட்டவே மாட்டாதீர்கள்.

குழந்தை சீட்: பின் சீட்டில் குழந்தை தூங்கிவிடும். கால் தொங்கி ஸ்போக்ஸுக்குள் போனால் எலும்பு முறியும். கால் மறைப்பு இல்லாத சீட்டை வாங்காதீர்கள். வாங்கிவிட்டிருந்தால் சக்கரத்தின் இரு பக்கமும் கெட்டியான தகடு கட்டுங்கள். தூங்குகிற தலை ஆடாமல் இருக்க மனைவியின் துப்பட்டாவைக் குறுக்கே கட்டினோம்.

காற்று: டியூப் வால்வு மூன்று வகை. நம் சாதாரண சைக்கிளில் வருவது உள்ளே வால்வு ரப்பர் போட்டது, பத்து ரூபாய்க்குள் எந்தக் கடையிலும் சரியாகிவிடும். பைக்கில் இருக்கிற மாதிரி தடித்த வால்வு என்றால் பெட்ரோல் பங்க்கிலேயே அடிக்கலாம். ஒல்லியாக, நுனியில் திருகு வைத்த வால்வு என்றால் கிராமத்துப் பஞ்சர் கடை பம்ப் பொருந்தாது, அதற்கான பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். பங்க்கில் அடிக்கும்போது துளித்துளியாக அடியுங்கள். சைக்கிள் டியூப் சின்னது, கண் மூடித் திறப்பதற்குள் வெடித்துவிடும்.

பிப்ரவரி 13

"ஹெல்மெட் பற்றி எழுதவில்லையே" என்று ஒருவர். நால்வரும் போட்டிருந்தோம். பனிக்காலையில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ஆறு மணிக்கு முன் கிளம்பினால் இரண்டும் கட்டாயம்.

பிப்ரவரி 20

சக்கரக் கதை.

இரண்டாம் நாள் சாயங்காலம் கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் சைக்கிளை உள்ளே விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். வேறு இடம் பார்த்து, சைக்கிள்களை மாடிப்படிக்குக் கீழே பூட்டிவிட்டு, கையை வீசிக்கொண்டு ஆட்டோவில் தாராசுரம் போனோம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில், 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். முன்மண்டபமே குதிரை பூட்டிய தேர் மாதிரி இருக்கும், பக்கவாட்டில் கல்லில் சக்கரம். மகளும் மகனும் வேறு எதையும் பார்க்கவில்லை. கல் சக்கரத்தின் குடம், ஆரம், வட்டை எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து எண்ணினார்கள். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தைக் காட்டினேன், ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி சக்கரத்துக்கே போய்விட்டார்கள்.

மறுநாள் திருவிடைமருதூர் நெருங்கும்போது என் பின் சக்கரத்தில் டிங் என்று ஒரு சத்தம். ஒரு கம்பி அறுந்துவிட்டது. மகனும் பையும் சேர்ந்து முப்பது கிலோவுக்குக் குறையாது, அந்த எடை முழுக்கப் பின் சக்கரத்தில்தான். ரிம் பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்தது. விசாரித்துக் கடையைப் பிடித்தோம். கடைக்காரர் அறுந்த கம்பியை உள்ளங்கையில் வைத்து, பழைய கம்பிகள் போட்ட தகரப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்தார். ஏழாவதோ எட்டாவதோ பொருந்தியது. அறுந்தது பல்சக்கரப் பக்கம் என்பதால் ஃப்ரீவீலைக் கழற்றித்தான் கோக்க வேண்டியிருந்தது. அப்புறம் கோட்டம் எடுத்தார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கட்டைவிரல் நகத்தை ரிம்முக்கு ஒரு நூல் இடைவெளியில் நிறுத்தினார். நகத்தில் உரசுகிற இடத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கக் கம்பிக்கு அரைத் திருகு. மறுபடி சுற்றல். அந்த உரசல் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து கடைசியில் காற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. மகள் மூச்சுவிடாமல் பார்த்தாள். "மொத்தம் 36 கம்பி. ஒண்ணு போனா மத்த 35ம் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும், அதனாலதான் கோணுது" என்று அவளுக்கு விளக்கினார் கடைக்காரர். கல் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கவே வேண்டாம் என்று மகன் சொன்னதற்கு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு நாற்பது நிமிடம் வீணாகவில்லை. அந்த நாற்பது நிமிடம்தான் அன்றைய நாள்.

மார்ச் 2

திருத்தம். முதல் பதிவில் "வண்டிகள் குறைவு" என்று எழுதியிருந்தேன். அது கும்பகோணத்துக்கு மேற்கே மட்டும். கும்பகோணம் – மயிலாடுதுறை சாலையில் பேருந்து விரட்டிக்கொண்டு வரும், ரோடு குறுகல், ஓரத்தில் மண் பள்ளம். மகளை முன்னால் விட்டதற்கு அன்று பயந்தேன். திருபுவனம் தாண்டியதும் வரிசையை மாற்றி மனைவி முன்னால், மகள் நடுவில் என்று வைத்தோம். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மட்டும் மகளிடமே இருந்தது. "நிப்பாட்டுங்க" என்று அவள் சொன்னால் கேள்வி கேட்காமல் நிற்க வேண்டும்.

அப்படி அவள் நிறுத்திய இடங்களில் ஒன்று நரசிங்கன்பேட்டை. ஆடுதுறை தாண்டி வரும் ஊர். ஒரு வீட்டுத் திண்ணையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பழைய வீட்டுத் தூண், உத்தரத்து மரம்தான் நல்லது, மரம் வயதாக ஆகத்தான் நாதம் கொடுக்கும் என்றார்கள். மகனிடம் ஒரு துண்டு மரத்தைக் கொடுத்தார்கள். இன்னும் அவன் மேசையில் இருக்கிறது.

மார்ச் 9

"உங்கள் மனைவி இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டது எப்படி?" என்று கேட்டிருந்தீர்கள். கேள்வி தலைகீழாக இருக்கிறது. எங்கள் வீட்டில் சைக்கிள் அவர் பக்கத்திலிருந்து வந்தது.

அவர் ஊர் புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்து கற்றுக்கொள்வதோடு பெண்கள் சைக்கிளும் கற்க வேண்டும் என்று முனைந்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஏறி ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த சைக்கிளிலேயே கற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர். என் மாமியார் அப்படிக் கற்றவர். அப்போது அவருக்கு 27 வயது, சின்னக் குழந்தையோடு. பார் இருப்பது அவருக்கு வசதியாகவே போயிற்று. பாரில் துண்டைச் சுற்றி, ஐந்து வயது மகளை உட்காரவைத்துக்கொண்டு ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவார். அந்த ஐந்து வயது மகள்தான் என் மனைவி.

இதை இருவர் வாயாலும் தனித்தனியாகப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் திருக்காட்டுப்பள்ளி டீக்கடையில் "நாளைக்கு அவ முன்னால போகட்டும்" என்று மனைவி ஏன் சொன்னார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அவர் சைக்கிளைத் தெரிந்துகொண்டதே முன்னால் உட்கார்ந்துதான். அம்மா பின்னாலிருந்து மிதிக்க, ரோடு முதலில் அவர் கண்ணுக்குத்தான் வரும். "அம்மாவோட மூச்சு என் உச்சந்தலையில படும், எதிர்ல வர்றது எல்லாம் எனக்கு" என்பார்.

மாமியார் கதை இன்னும் முடியவில்லை. நாளை எழுதுகிறேன்.

மார்ச் 10

மூன்றாம் நாள் இரவு குத்தாலத்தில் மனைவியின் சித்தி வீடு. பேரப்பிள்ளைகளைப் பார்க்க அத்தையும் பஸ் பிடித்து அங்கே வந்திருந்தார். காலையில் நாங்கள் கிளம்பும்போது அவரும் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். சித்தி மகளுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள். முன்னால் கூடை, கியர் கிடையாது. "மாயவரம் வரைக்கும் வர்றேன், அங்கேருந்து ஊருக்கு பஸ் ஏறிக்கிறேன்" என்றார். பத்துக் கிலோமீட்டர்தானே, சரி என்றோம்.

மயிலாடுதுறையில் இட்லி சாப்பிட்டோம். துலாக்கட்டத்தில் பிள்ளைகளுக்கு ஆற்றைக் காட்டினோம். ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது என்று அத்தை சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பாமல் செம்பனார்கோவில் ரோட்டில் ஏறிவிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

இங்கே இன்னொரு திருத்தம். "மேடு பள்ளம் கிடையாது" என்றேன். உண்மைதான், ஆனால் அதற்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. தை மாதம் வடகிழக்கிலிருந்து அடிக்கும், நாம் போவது கிழக்கே. கடல் நெருங்க நெருங்க, பத்து மணிக்கு மேல் இன்னும் வலுக்கும். நாம் 15 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றும் 15 என்றால் உடம்பில் மோதுவது 30 வேகக் காற்று. அது கொடுக்கும் தடை இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. செம்பனார்கோவில் தாண்டியதும் நான் தலையைக் குனிந்துகொண்டு முட்டினேன், கியர் மாற்றினேன், எழுந்து நின்று மிதித்தேன். பின்னால் மகன் "ஏம்பா நின்னுட்டோம்" என்று கேட்கிறான். நிற்கவில்லை, அவ்வளவு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம்.

அப்போது அத்தை பக்கத்தில் வந்தார். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், முந்தானை இடுப்பில் செருகியிருந்தது, வேகம் காலையில் இருந்த அதே வேகம். "காத்தோட மல்லுக்கு நிக்காதீங்க மாப்பிள்ளை. அது பாட்டுக்கு அடிக்கட்டும், நாம பாட்டுக்கு மிதிப்போம்" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். மகளைக் கூப்பிட்டுத் தன் பின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, காற்று மறைவில் வரச் சொன்னார். அதை யாரிடம் கற்றார் என்று தெரியவில்லை. முதல் நாள் என் பின் டயரைப் பார்த்து வெறுத்துப்போன அதே மகள், அம்மாச்சியின் பின் டயரை ஒட்டிக்கொண்டு, கதை கேட்டுக்கொண்டே, மேலையூர் வரை வந்தாள். அதனால் "குழந்தை முன்னால்" என்று நான் சொன்னதையும் திருத்திக்கொள்கிறேன். எதிர்க்காற்றில் பெரியவர் முன்னால் போக வேண்டும், ஆனால் குழந்தையின் வேகத்தில், பேச்சுச் சத்தம் கேட்கிற தூரத்தில்.

ஒரு மணிக்குப் பூம்புகார். 58 வயதில், ஒற்றைப் பல்சக்கரச் சைக்கிளில், சேலையில், 34 கி.மீ. கேட்டதற்கு, "மேலூர்ச் சந்தைக்குக்கூட இப்படிப் போனதில்லை" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 16

திரும்பி வந்த விதம்: பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு, சைக்கிள்களைக் குட்டி யானையில் ஏற்றி மயிலாடுதுறை. அங்கிருந்து நாங்கள் ரயிலில், சைக்கிள்கள் அதே ரயிலில் லக்கேஜாக. ஒவ்வொன்றிலும் பெயரும் இறங்கும் ஊரும் எழுதிய அட்டை கட்டிவிடுங்கள். பார்சல் ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

அத்தை வெயில் தணிந்ததும் விலையில்லா சைக்கிளிலேயே குத்தாலம் திரும்பினார். மேற்கே போகிற வழி, காற்று முதுகில். போய்ச் சேர்ந்துவிட்டதாக போன் வந்தது.

கடற்கரைக்கு சைக்கிளைக் கொண்டுபோனவர்கள் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். நான் சோம்பேறித்தனமாக விட்டதில் பத்து நாளில் மூன்று செயினும் துருவேறிவிட்டன.

ஏப்ரல் 6

கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருக்கிறார்: நேற்று 14 கி.மீ. போனார்களாம். சின்னவன் முன்னால், இவர் கடைசியில். நாலு மணி நேரம் ஆனது, எல்லோரும் சைக்கிளிலேயே வீடு திரும்பினார்கள். இதைப் படித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "14 கி.மீ. எல்லாம் ஒரு தூரமா" என்று கேட்ட இன்னொருவருக்கு: அவர்கள் வீட்டில் அதுதான் இதுவரை போனதிலேயே நீளமான தூரம், ஏனென்றால் அது முடிந்த தூரம்.

ஜூலை 14

காற்றைப் பற்றி எழுதினதிலிருந்தே மண்டையில் இருந்தது: இதே வழியை ஆனி, ஆடியில் போனால் மேற்குக் காற்று நம்மைத் தள்ளிக்கொண்டு போகுமே? இந்த வருடம் ஜூன் 12ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள், ஆறு நிறையத் தண்ணீர். நேற்று ஞாயிறு கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வரை மட்டும் போனோம். அத்தையும் வந்திருந்தார், இந்த முறை என் மனைவியின் சைக்கிளில். மனைவி புதிதாக ஒன்று வாங்கிவிட்டார்.

காற்று விஷயத்தில் நினைத்தது சரி. பெடலை நிறுத்தினாலும் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. நினைக்காதது புழுதி. மேற்கிலிருந்து மணலையும் சேர்த்துத்தான் தள்ளுகிறது. கண்ணாடி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

மகனுக்கு இப்போது எட்டு முடிந்துவிட்டது, 20 இன்ச் சைக்கிளில் சொந்தமாக வந்தான். அவன்தான் முன்னால். கல்லணையில் எண்ணி முடிக்கும்வரை நின்றோம், இரண்டு முறை எண்ணினான், இரண்டு முறையும் வேறு வேறு கணக்கு. வழியில் ஒவ்வொரு மதகிலும் இறங்கி, ஒரு இலையை இந்தப் பக்கம் போட்டு அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பிடித்தான். 13 வயது மகள், நான் கேட்காமலேயே கடைசியில் போய் நின்றுகொண்டாள். "நீங்க முன்னால போங்கப்பா, நான் எல்லாரையும் பாத்துக்கிட்டு வர்றேன்" என்றாள்.

திருக்காட்டுப்பள்ளியில் அதே டீக்கடை, அதே பெஞ்ச். அசோகா பாக்கி இருக்கிறது. ஆகஸ்ட் 16 சனிக்கிழமை காலை 6 மணிக்கு அந்தக் கடையிலிருந்து கிளம்பித் திருவையாறு. வருகிறவர்கள் பிள்ளைகளோடு வாருங்கள், 16 இன்ச் சைக்கிளாக இருந்தாலும் பரவாயில்லை. கொண்டை ஊசி நான் கொண்டுவருகிறேன்.